ஐந்து பட்டன் ரேடியோ

மாமனாருக்கு நெஞ்சுவலி வந்த அன்றைக்குப் பார்த்துத்தான் மாப்பிள்ளைக்குத் தன் கைவரிசையைக் காட்டத் தோன்றியிருந்தது. காலையில் அவருடைய பழைய காருக்குப் புது பேட்டரி மாட்டினான். மற்ற வண்டிகளில் பேட்டரியின் மைனஸ் வயர்தான் வண்டியின் பாடிக்குப் போகும். இந்தக் கிழட்டு வண்டியில் பிளஸ். அவர் அதை நூறு தரம் சொல்லியிருக்கிறார்; இவனும் நூறு தரம் தலையாட்டியிருக்கிறான். மாற்றி மாட்டியும் வண்டி கிளம்பிவிட்டது. டாஷ்போர்டில் இருந்த டிரான்சிஸ்டர் ரேடியோதான் லேசாகப் புகைந்து அடங்கிப்போனது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நைசாக வீட்டுக்குள் போய்விட்டான்.

மத்தியானம், அதே வண்டியின் முன்சீட்டில் மாமனார் வேர்த்து வழிந்துகொண்டிருந்தார். ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்று சொல்லிவிட்டார்கள்.

"முதல்ல ரேடியோவப் போடுங்க மாப்பிள்ளை."

"போற வழியில போடலாம் மாமா."

"பாட்டு வந்தாத்தான் வண்டி கிளம்பும்." கைபிரேக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். வீம்புதான்.

இவன் குமிழைத் திருகினான். அலைவரிசைக் கண்ணாடிக்குப் பின்னால் விளக்கு எரிந்தது. பல்புக்குப் பிளஸ் என்ன, மைனஸ் என்ன. சத்தம்தான் இல்லை.

"சூடாகணும்ல மாமா."

"சூடாக அது என்ன வால்வு ரேடியோவா? திருகின கையோட பாடும்."

பின்சீட்டிலிருந்த மனைவி என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. "என்ன பண்ணித் தொலைச்சீங்க?" என்றாள்.

வேறு வழி தெரியாமல் அவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தான். "செய்திகள். இன்று காலை பேட்டரியைத் தலைகீழாக மாட்டிய ஆசாமி ஒருவர் ஒரு ரேடியோவைக் கொன்றார். கைபிரேக்கை உடனடியாக விடும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறது."

மாமனார் அவனையே பார்த்தார். பிறகு பிரேக்கை விட்டார்.

வழியில் ரேடியோவில் ஸ்டேஷன் மாற்றும் ஐந்து பட்டன்களில் இரண்டாவதை அமுக்கினார். இவன் பாடினான். மூன்றாவதை அமுக்கினார், காய்கறி விலை சொன்னான். டோன் குமிழைத் திருப்பினார்; கட்டைக் குரலுக்கு இறங்கினான். "கேவலமான ஸ்டேஷன்" என்று முனகிக்கொண்டே நான்காவதுக்குப் போன கை, பாதியில் மடியில் விழுந்தது.

"மாமா, ஸ்டேஷன மாத்துங்க."

முன்னால் ஒரு லாரி வழிவிடாமல் நின்றது.

"அப்பா, அமுக்குப்பா" என்று அவள் அவர் தோளை உலுக்கினாள்.

ஹாரனை விடாமல் அடித்தபடி, சுருதியும் தாளமும் இல்லாத ஒரு பாட்டைத் தொண்டை கிழியக் கத்தினான். லாரி நகர்ந்தது. பாட்டு பொறுக்காமலோ என்னவோ, ஒரு விரல் மெல்ல எழுந்து வந்து பட்டனைத் தொட்டது. அமுக்க வலு இல்லை. இவன் சட்டென்று செய்திக்கு மாறினான்.

ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்தார்கள். கூடவே ஓடியவனின் காதை எட்டிப் பிடித்துத் திருகினார் மாமனார். சத்தத்தைக் கூட்டச் சொல்கிறாரா, குறைக்கச் சொல்கிறாரா, தெரியவில்லை. கூட்டினான். நர்ஸ் முறைத்தாள்.

"நீங்க உள்ள வரக்கூடாது."

கதவு சாத்திக்கொண்டது. கதவிடுக்கில் வாயை வைத்து வானிலை அறிக்கை வாசித்தான். மழை வரலாம், வராமலும் போகலாம். குரல் உடைந்து ஒரு நொடி நின்றுபோனது.

மனைவி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "நிறுத்தாதீங்க. அவருக்குக் கேக்கணும்."