பதினேழாவது கடல்மைல்

எங்கள் சமையலறை கரையிலிருந்து பதினேழு கடல்மைல் தொலைவில் இருக்கிறது. என் மனைவி ஜெசிந்தா அதற்குள் இருக்கிறாள். என் குரல் பதினாறு மைல் வரைதான் போகும்.

முன்னறைக்கும் சமையலறைக்கும் நடுவே இருந்த நடை சில வருடங்களாகவே நீண்டுகொண்டிருந்தது. காப்பி தாமதமாக வந்தது. பிறகு ஆறி வந்தது. போன வாரம் நடை கடலுக்குள் இறங்கிவிட்டது.

இன்று காலை ஒரு வள்ளக்காரர் அவளுடைய கேள்வியைக் கொண்டுவந்தார். 'நான் இருக்கவா, வேண்டாமா?' பன்னிரண்டு மணிக்குச் சமையலறை தொடுவானத்தைத் தாண்டிவிடும். அதற்குள் பதில் சொல்ல வேண்டும். துறைமுக வயர்லெஸ் நிலையத்துக்குப் போனேன்.

அதிகாரி பொனிப்பாஸ் படிவத்தை எடுத்தார்.

"இதுவரைக்கும் வீட்டம்மாவுக்கு என்ன அனுப்பியிருக்கிய?"

"'ம்'னு."

"எத்தன வருசமா?"

"பதினொண்ணு."

"'ம்' எட்டடிதான் போகும் அண்ணாச்சி. பெறகு கரையில நின்னு கத்துனியளாக்கும்?"

"கத்துனேன்."

"கத்தி என்ன செய்ய? பூமி உருண்டை. உயரம் வேணும்."

என்னைக் கொடிமரத்தின் உச்சியில் கட்டினார்கள். அரை மைல் கூடியது. பொனிப்பாஸ் என் தோள்மேல் ஒரு நாற்காலியை வைத்து, அதன்மேல் என்னை உட்காரவைத்தார். இன்னும் கால் மைல்.

"மிச்சத்துக்கு நடுவுல ஆள் போடணும்" என்றார்.

நடுக்கடலில் கலிஸ்டஸ் என்பவரின் வள்ளம் நின்றது. நான் சொல்வதை வாங்கி அவர் ஜெசிந்தாவிடம் சொல்வார். அவள் சொல்வதை என்னிடம் சொல்வார்.

"இரு" என்றேன்.

அந்தச் சொல் தண்ணீரை ஒட்டித் தாழப் பறந்து போவதைப் பார்த்தேன்.

பதில் வந்தது. "போயிட்டு வாறேன்னு சொல்லுதாவ. ஓவர்."

கீழே கைதட்டினார்கள். பொனிப்பாஸ் பதிவேட்டில் 'செய்தி சேர்ந்தது' என்று எழுதினார்.

ஜெசிந்தா எதையும் இவ்வளவு மென்மையாகச் சொல்பவள் அல்ல.

"அவ சொன்னத அப்பிடியே சொல்லும்" என்றேன்.

இரைச்சலுக்கு நடுவே கலிஸ்டஸின் குரல் வந்தது.

"'போறேன்'னு சொன்னாவ. கடல்ல வச்சு அப்பிடிச் சொல்லலாமா? 'போயிட்டு வாறேன்'னு நாங்கதான் திருத்தி விடுவோம். எல்லாருக்கும் அப்பிடித்தான்."

"நான் சொன்னத?"

"அடுத்தவர் வீட்டம்மாகிட்ட போய் 'இரு'ன்னு நான் எப்பிடி அண்ணாச்சி சொல்ல? மரியாத இல்லையே. 'ஒங்க இஷ்டம்'னு சொன்னேன்."

பன்னிரண்டுக்கு ஏழு நிமிடம் இருந்தது.

"கட்ட அவுத்து விடும்" என்றேன்.

"சேர்ந்ததுன்னு எழுதியாச்சே" என்றார் பொனிப்பாஸ்.

"அவுரும்."

இறங்கினேன். கடல் முழங்கால் அளவுதான் இருந்தது. கலிஸ்டஸின் வள்ளத்தைக் கடந்தபோது அவர் துடுப்பைத் தூக்கி வழிவிட்டார்.

"இன்னொருக்கா சொல்லிப் பாக்கட்டா அண்ணாச்சி? மரியாதயாவே சொல்லுதேன்."

"வேண்டாம். நானே சொல்லிக்கிடுதேன்."

தொடுவானத்தில் எங்கள் சமையலறை ஜன்னல் தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தது. பிறகு அதுவும் தெரியவில்லை. "இரு" என்றேன். சொல் என் காலடியிலேயே விழுந்தது. குனிந்து எடுத்துக்கொண்டேன்.

எங்கோ முன்னால் கடுகு வெடிக்கும் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. சத்தம் வந்த பக்கமாக நடந்தேன்.