ஆறு பேருக்கான அளவு

“வெள்ளை மிளகு இல்லைன்னா கருப்பு மிளகைப் போடேன். வயித்துக்குள்ள போனப்புறம் எது கருப்பு, எது வெள்ளைன்னு யார் எட்டிப் பார்க்கப்போறா?”

“அதெல்லாம் ஆகாது. முதல் தடவை புத்தகத்துல என்ன போட்டிருக்கோ அதேதான். இல்லைன்னா நான் எதை நம்பி எழுதறது?”

“சரிங்க நீதிபதி அம்மா. தீர்ப்பு சொல்லியாச்சு, போய் வாங்கிட்டு வரேன்.”

“மழை விட்டதும் போங்களேன்.”

“வெங்காயம் வதங்கிடும், மழை விடாது. கடை இந்தா தெருமுனையிலதானே இருக்கு? வந்துடறேன்.”

அவளும் அவள் கணவனும் கடைசியாகப் பேசிக்கொண்டது இவ்வளவுதான். மிளகு வாங்கப் போகிறவனிடம் வேறென்ன பேசுவார்கள்? தெருமுனைத் திருப்பத்தில் ஒரு தண்ணீர் லாரி வந்தது. அடுப்பில் வெங்காயம் கருகி வீடெல்லாம் புகை மண்டியபோது அதை அணைத்தவள் மாமியார். மருமகள் அதற்குள் செருப்புக்கூடப் போடாமல் தெருவில் ஓடிக்கொண்டிருந்தாள்.

வாரப் பத்திரிகை ஒன்றில் அவள் ஒரு பக்கம் எழுதிவந்தாள். புதிதாக வரும் சமையல் புத்தகங்களைப் பதிப்பாளர்கள் அனுப்பிவைப்பார்கள். ஒவ்வொன்றிலிருந்தும் ஒன்றிரண்டைத் தன் அடுப்பிலேயே செய்து பார்த்து, சாதாரண வீட்டில் இதெல்லாம் நடக்கிற காரியமா என்று அவள் சொல்ல வேண்டும். கணவன் போன பிறகு பக்கத்தை நிறுத்திவிடுவாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவளோ முன்பைவிட அதிகமாகப் புத்தகங்களைக் கேட்டு வாங்கினாள்.

காரணம் வெளியில் சொல்லக்கூடியதல்ல. அந்த வீட்டில் அவன் சாப்பிட்டுப் பழகிய எதுவும் அதன்பிறகு அடுப்பேறவில்லை. அவனுக்குப் பிடித்தது, பிடிக்காதது, அம்மா மனம் நோகக் கூடாதே என்று முகம் சுளிக்காமல் விழுங்கியது, எல்லாமே நின்றுபோயின. மாமியாரும் மருமகளும் உட்கார்ந்து பேசி எடுத்த முடிவில்லை அது. ஒருநாள் மாமியார் வழக்கமான பருப்பைக் கழுவி வைத்துவிட்டு, அதையே பார்த்துக்கொண்டு நின்று, பிறகு அப்படியே எடுத்துக் கொட்டிவிட்டாள். அன்றிலிருந்து இருவரும் ஊர் பேர் தெரியாதவர்களின் சாப்பாட்டைத்தான் சாப்பிட்டார்கள்.

கடலோரச் சமையல் புத்தகம் ஒன்று வந்தது. மீனின் கண்ணைப் பார்த்து வாங்கவும் என்று அதில் எழுதியவர், அந்தக் கண்ணைப் பற்றி மட்டும் இரண்டு பக்கம் உருகியிருந்தார். குளிர்ந்த மலைப் பகுதியிலிருந்து ஒன்று. இறைச்சியை ஒரு வாரம் அடுப்புப் புகையில் தொங்கவிடச் சொன்னது. ‘எங்கே தொங்கவிடுவது, குளியலறையிலா?’ என்று பத்திரிகையில் கேட்டிருந்தாள். படித்தவர்கள் சிரித்திருப்பார்கள். எழுதும்போது அவள் சிரிக்கவில்லை. பாலைவனச் சமையல் புத்தகம் மட்டும் அவளுக்குப் பிடித்திருந்தது. அளந்து பேசுகிற புத்தகம். பாத்திரம் அலம்பிய தண்ணீரைக்கூட அது வீணாக்க விடவில்லை.

எந்தப் பகுதியின் புத்தகமானாலும் பட்டியலுக்கு மேலே ‘ஆறு பேருக்கு’ என்று போட்டிருந்தது. முன்பெல்லாம் எல்லாவற்றையும் பாதியாக்கிக்கொள்வாள். இப்போது மூன்றில் ஒரு பங்கு. நாலு முட்டையை மூன்றால் வகுப்பது எப்படி என்று எந்தப் புத்தகமும் சொல்லித் தரவில்லை.

மாமியார் முன்னறையில் தையல் மிஷினோடு இருப்பாள். ஆஸ்பத்திரிக்குத் தலையணை உறை தைத்துக் கொடுக்கும் வேலை. கூப்பிட்டால் வந்து உட்காருவாள், தட்டில் இருப்பதைச் சாப்பிடுவாள்.

“எப்படி இருக்கு அத்தை?”

“ம். உப்பு இருக்கு.”

அவ்வளவுதான். எழுந்து போனால் மிஷின் மறுபடி கடகடவென்று ஓடும். அவளுடைய ரவிக்கைக் கைகள் தொளதொளவென்று தொங்க ஆரம்பித்திருந்தன. ஊருக்கெல்லாம் தைப்பவள் தன் ரவிக்கையைப் பிடித்துத் தைத்துக்கொள்ளவில்லை.

அவன் ருசி பார்க்காததாகச் சமைத்தால் அவன் நினைவு தட்டுக்கு வராது என்று இருவரும் நம்பியதுதான் பெரிய தப்பு. புளிப்பான மீன் சாற்றை வாயில் வைத்ததுமே, இதற்கு அவன் என்ன சொல்லியிருப்பான் என்றுதான் முதலில் தோன்றியது. மாமியாருக்கும் அப்படித்தான் தோன்றுகிறதோ என்னவோ. கேட்கத் தைரியமில்லை. வெள்ளை மிளகுதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவள் தான்தானே. அந்தப் பேச்சு மாமியார் காதிலும் விழுந்திருந்தது. அதற்காக ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

போன வாரம் மாமியார் மிஷினை நிறுத்தாமலே சொன்னாள்: “உங்க அண்ணனுக்குப் போன் பண்ணியிருக்கேன். ஞாயித்துக்கிழமை வந்து கூட்டிட்டுப் போகச் சொல்லிட்டேன். சின்னப் பொண்ணு, இந்த இருட்டுக்குள்ள எத்தனை நாள் கிடப்பே?”

“சரி அத்தை,” என்றாள் மருமகள். அப்படிச் சொல்லிவிட்டு வந்து, சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள்.

அவளுக்குப் போக வேண்டாம். அண்ணன் வீட்டில் வெளிச்சம் உண்டு, டி.வி. உண்டு, அவளைச் சிரிக்கவைக்க அண்ணி இருக்கிறாள். ஆனால் அங்கே யாருக்கும் அவன் இல்லாதது வலிக்காது. இருக்கட்டுமா என்று கேட்க எத்தனையோ முறை முன்னறை வரை போனாள். என் பிள்ளையை அனுப்பிவிட்டு எந்த முகத்தோடு கேட்கிறாய் என்று மாமியார் நிமிர்ந்து பார்த்துவிட்டால்? அந்தப் பார்வைக்குப் பயந்து ஒவ்வொரு முறையும் நூல்கண்டை எடுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பிவந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மூச்சு வாங்கிக்கொண்டு மாடியேறி வந்தான். வாடகைக் கார் ஓட்டுபவன். ஆள் பெரியவன், குரல் அதைவிடப் பெரியது.

“என்னம்மா, படியா இது? ஏறி வந்ததுக்கே எனக்கு ரெண்டு வேளைச் சோறு போடணும்!”

“கை கழுவிட்டு உட்காருங்க தம்பி,” என்றாள் மாமியார்.

கடைசிச் சமையலுக்கு மருமகள் பாலைவனப் புத்தகத்தை எடுத்திருந்தாள். ஆட்டிறைச்சியும் பேரீச்சையும். சொட்டுத் தண்ணீர் விடாமல் தக்காளியின் ஈரத்திலேயே வேகவைப்பது. அண்ணனையும் சேர்த்து மூன்று பேர். நெடுநாளைக்குப் பிறகு கை பழைய வழக்கப்படி எல்லாவற்றையும் பாதியாக்கியது.

அண்ணன் முதல் வாயை வைத்தான். கண்ணை மூடினான்.

“அடிப்பாவி! கல்யாணத்துக்கு முன்னாடி எங்களுக்கெல்லாம் சுடுதண்ணி வைக்கத் தெரியாதவளாட்டம் நடிச்சியா? மாப்பிள்ளை இருந்திருந்தா இந்நேரம் ரெண்டாவது தடவை கேட்டிருப்பார்.”

சொல்லி முடித்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். மருமகள் தட்டைவிட்டு நிமிரவில்லை. இத்தனை நாளில் அவனைப் பற்றி அந்த மேஜையில் யாரும் வாய் திறந்ததில்லை. இப்போது மாமியார் எழுந்து போய்விடுவாள், மிஷின் ஓடும் என்று காத்திருந்தாள்.

மாமியார் எழவில்லை.

“ரெண்டாவது தடவை எங்கே கேப்பான்?” என்றாள், கரகரத்த குரலில். “அதைக் கேக்காமலே அள்ளிப் போட்டுக்குவான். மூணாவதுக்குத்தான், ‘உனக்குப் போதுமாம்மா?’ன்னு யோக்கியனாட்டம் கேப்பான்.”

“போதாதுன்னா?” என்றான் அண்ணன் மெதுவாக.

“என் தட்டுல இருந்தே எடுப்பான், திருட்டுப் பய.”

சிரிப்பு போல ஒரு சத்தம் அவள் தொண்டையில் எழும்பி, பாதியில் உடைந்தது. அதோடு அழுதாள். சாப்பிட்ட கையை மடக்கிக்கொண்டு, முழங்கையால் முகத்தை மறைத்து, சின்னப் பிள்ளை மாதிரி அழுதாள். மருமகளுக்கும் அடக்க முடியவில்லை. அண்ணன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். பாவம், அவனுக்கு ஆறுதல் சொல்லத் தெரியவில்லை. எழுந்து கை கழுவினான். பெட்டியையும் புத்தகக் கட்டையும் தூக்கிக்கொண்டான்.

“நான் இதையெல்லாம் காருல வெச்சிடறேன். நீ மெதுவா வா,” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.

மாமியார் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “போம்மா. அண்ணன் காத்திருக்கான். போன இடத்துல எழுதறதை மட்டும் விட்டுடாதே. நேரத்துக்குச் சாப்பிடு.”

“நீங்க?”

“எனக்கென்ன, கஞ்சி காச்சத் தெரியாதா?”

மருமகள் எழுந்தாள். கால் வாசல் பக்கம் போகவில்லை. மேஜையைச் சுற்றி வந்து மாமியாரின் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். பார்க்கப் பயந்த அந்த முகத்தை அண்ணாந்து பார்த்தாள். அழுது வீங்கிய அம்மாவின் முகம், வேறொன்றுமில்லை. கீழே அண்ணன் ஹாரன் அடித்தான்.

“அத்தை, என்னை அனுப்பாதீங்க. உங்க கூடவே இருக்க விடுங்க.”