வெறும் தண்ணீர்

“இன்னொரு தரம் சொல்லுக்கா” என்றான் லெட்சுமணன். கண்ணைத் திறக்கவில்லை.

“பிதாவினுடையவும் சுதனுடையவும்…” அதோடு நின்றுவிட்டாள் அங்கம்மா. விடிந்ததிலிருந்து இருபது தடவையாவது சொல்லிப் பார்த்திருப்பாள். மூன்றாவது ஆளின் பெயர் மட்டும் நாக்கில் ஏற மறுத்தது.

“இஸ்பிரித்து சாந்துவினுடையவும்” என்று தம்பி எடுத்துக் கொடுத்தான். அந்த இரண்டு சொல்லுக்கு நாலு மூச்சு வாங்கினான். நியாயப்படி சாகக் கிடப்பவனுக்கு, பக்கத்தில் இருப்பவள்தான் சாமி பெயரை எடுத்துக் கொடுக்க வேண்டும். அந்த வீட்டில் அன்றைக்கு எல்லாமே தலைகீழாக நடந்துகொண்டிருந்தது.

காய்ச்சல் பதினோரு நாளாக அடித்தது. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் கொய்னா மாத்திரை கொடுத்துவிட்டு, மலைக்காய்ச்சல் வந்தால் ஒன்று போகும், இல்லையென்றால் ஆளைக் கொண்டுபோகும் என்று சொல்லிப் போய்விட்டார். நேற்று சாயங்காலம் உடம்பு கொஞ்சம் ஆறியது. அந்த நம்பிக்கையில்தான் அவன் பெண்டாட்டி அருளாயி, கருக்கலிலேயே கிளம்பி லாயாங் லாயாங் ஸ்டேஷனுக்கு நடந்து போயிருந்தாள். மாதத்துக்கு ஒரு நாள் சாமியார் ரயிலில் வருவார். இன்றைக்கு வருகிற நாள். அருளாயி பிறந்ததிலிருந்தே வேதக்காரி. லெட்சுமணன் அவளைக் கட்டிய பிறகு ஆறு மாதமாகப் பாடம் படித்து, வருகிற கிறிஸ்துமஸுக்கு ஞானஸ்நானம் வாங்க இருந்தான். கிறிஸ்துமஸுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. காய்ச்சலுக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது.

கிளம்பும்போது அருளாயி நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். “ஒண்ணும் ஆகாது மதினி. ஆனா மூச்சு இழுக்க ஆரம்பிச்சா எங்களுக்காகக் காத்திருக்காதீங்க. தலையில மூணு தரம் தண்ணி ஊத்தி, அந்த வார்த்தைய சொல்லிருங்க. யாரு ஊத்தினாலும் செல்லும். மாரியம்மனக் கும்புடுறவங்க ஊத்தினாலும் செல்லும்.”

“அப்ப நீயே ஊத்திட்டுப் போயேன்.”

“நான் ஊத்தக்கூடாதாம். ஊத்தினா அவருக்கு ஞானத்தாய் முறை ஆயிருவேன். அப்புறம் எந்திரிச்சு நடந்தாருன்னா, எப்படிக் குடும்பம் நடத்துறது?”

முறை பார்ப்பதில் வேதக்காரர்கள் தன் சனங்களுக்குக் கொஞ்சமும் இளைத்தவர்களில்லை என்று அங்கம்மா நினைத்துக்கொண்டாள். மற்றபடி அந்த வேதத்தில் அவளுக்குப் பிடித்தது ஒன்றும் கிடையாது. தாயும் தகப்பனும் கண்மூடிய பிறகு, ஐந்து வயதுத் தம்பியை மடியில் போட்டுக்கொண்டு கப்பலேறி இந்த ரப்பர்த் தோட்டத்துக்கு வந்தவள் அவள். புருஷன் செத்த பிறகு, அவனுக்காகவே இன்னொரு கல்யாணத்தை வேண்டாமென்றவள். அப்படிப்பட்ட தம்பி தினமும் வேலை முடிந்து வந்து, பெண்டாட்டி கேள்வி கேட்க, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி கைகட்டிப் பதில் சொன்னால் யாருக்குத்தான் வயிறு எரியாது. அடுப்படியில் இருந்தபடியே அவள் குறுக்கே விழுவாள்.

“சும்மா கிடந்த சாமி எதுக்குடா ஊரான் பாவத்தையெல்லாம் தூக்கித் தலையில வச்சுக்குது?”

“ஊரானா இருந்தா ஏன் தூக்குது? அதுக்குத்தான் மனுஷனாப் பொறந்துச்சு. இப்ப நமக்குக் கூடப்பொறந்தது ஆயிருச்சில்ல?”

“காய்ச்சல் வருமா அதுக்கு?”

“வந்திருக்கும். நம்ம உடம்பு மாதிரிதானே.”

காய்ச்சலைத் தருகிற சாமியை அவளுக்கு நன்றாகத் தெரியும். காய்ச்சல் வந்த சாமியை அவள் கேள்விப்பட்டதேயில்லை.

பால் நிறுக்கும் கொட்டகையில் மணி அடித்தது. வெட்டுக்குப் போன சனம் ரப்பர்ப் பாலைக் கொண்டுவந்து வரிசையில் நிற்கிற நேரம். லயத்து வீடுகளில் வேறு ஈ காக்காய் கிடையாது. அந்த மணிச் சத்தம் அடங்குவதற்குள் லெட்சுமணனின் மூச்சு மாறிவிட்டது. உள்ளே போகிற மூச்சு சின்னதாகவும் வெளியே வருகிற மூச்சு பெரிதாகவும் ஆயிற்று.

“அருளாயி வரமாட்டா போலிருக்குக்கா. நீயே ஊத்திரு.”

அங்கம்மா எழுந்தாள். வாளியில் அவனுடைய அழுக்குத் துணியை அலசிய தண்ணீர் கிடந்தது. பானையில் இருந்ததோ இரண்டு நாள் மழையில் கலங்கி வந்த குழாய்த் தண்ணீர், மஞ்சளாக, அடியில் மண்ணோடு. இதையா ஊற்றுவது? அவளுக்குப் பிடிக்காத சாமியாகவே இருக்கட்டும், சாமி காரியம் சாமி காரியம்தான். நாளைக்குத் தம்பியை அங்கே ஏற்றுக்கொள்ளவில்லையென்றால், அக்காக்காரி கழிவுத் தண்ணீரை ஊற்றியதால்தான் என்று ஆகிவிடக் கூடாது. கட்டிலுக்கு அடியில் அவன் குடிப்பதற்காக அருளாயி வாங்கிவைத்த இளநீர் ஒன்று இருந்தது. அம்மனுக்கே அபிஷேகம் ஆகிற பொருள், மனிதர் கை படாதது. கத்தியை எடுத்துச் சீவினாள்.

ஒவ்வொரு பேருக்கும் ஒரு தரமாக மூன்று தரம் ஊற்றினாள். அதிசயம் என்னவென்றால், இஸ்பிரித்து சாந்துவும் ஓர் எழுத்துப் பிசகாமல் வந்தது. தண்ணீர் நெற்றியில் வழிந்து மூக்கோரமாய் உதட்டுக்கு வந்தது. லெட்சுமணன் நாக்கால் தொட்டுப் பார்த்தான்.

“இனிக்குதுக்கா” என்றான்.

அதன் பிறகு ஒரு வெற்றிலை போடுகிற நேரம் உயிர் இருந்தது. பிறகு இல்லை.

அங்கம்மா மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். அந்த அழுகைக்கு நடுவிலும், கேட்டதைச் செய்துவிட்டோம் என்ற திருப்தி ஒரு மூலையில் இருந்ததை மறைக்க முடியாது. அது எவ்வளவு நேரம் நிலைத்தது என்றால், பிள்ளைக் கொட்டகை ஆயா சூசையம்மா சத்தம் கேட்டு இடுப்பில் ஒரு குழந்தையோடு ஓடிவருகிற வரைக்கும்.

சூசையம்மாவும் வேதக்காரிதான். சிலுவை போட்டுக்கொண்டாள். சீவிய இளநீரைப் பார்த்தாள். “ஞானஸ்நானம் ஆச்சா?” என்று கேட்டாள்.

“ஆச்சு. இளநியே ஊத்தினேன்.”

சூசையம்மாவின் முகம் போன போக்கில் அங்கம்மாவின் அழுகை நின்றுவிட்டது.

“இளநியா? வெறும் தண்ணிதான் அங்கம்மா செல்லும். வேற எதுவும் செல்லாது. எங்க ஊருல ஒருத்தி, சாகப்போற பச்சப்புள்ளைக்கு நல்லா இருக்கட்டும்னு பால ஊத்திட்டா. செல்லாதுன்னு சொல்லி, புள்ளையக் கல்லறை மதிலுக்கு வெளிய பொதைச்சாங்க. அந்தப் புள்ளைக்கு மோட்சம் கிடையாதுன்னாங்க.”

அங்கம்மா பானையை நோக்கிப் பாய்ந்தாள். சூசையம்மா கையைப் பிடித்துத் தடுத்தாள். “செத்தப்புறம் ஊத்தக்கூடாது. பிணத்துக்கு மந்திரம் சொன்ன பாவம் வேற வந்து சேரும்.” குழந்தை அழத் தொடங்கியதும் அதை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். “நான் வாயத் தொறக்க மாட்டேன். சாமியாரு எப்படியும் கேப்பாரு. நீ பார்த்துச் சொல்லிக்க” என்று கொட்டகைக்குப் போய்விட்டாள்.

தம்பி போனதைவிட இது பெரிதாக இருந்தது. போனவன் எங்கேயோ நல்ல இடத்துக்குப் போனான் என்றால் அழுது தீர்த்துவிடலாம். இவன் எங்கே நிற்கிறான்? இவள் கும்பிடுகிற சாமியை விட்டுவிட்டுப் போனான். அவன் தேடிய சாமியோ உள்ளே விடவில்லை. ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று சொல்வார்கள். ஆறும் இல்லாமல் சேறும் இல்லாமல் நடுவில் நிறுத்திவிட்டாளே கூடப்பிறந்தவள்.

இளநீர் மட்டையைக் கொல்லைப்பக்கத்து ரப்பர் மரங்களுக்குள் வீசிவிட்டு வந்து, தலைமாட்டில் உட்கார்ந்தாள். அப்போதுதான் முதல் எறும்பைப் பார்த்தாள். காதோரத்து முடியில் ஊர்ந்துகொண்டிருந்தது. கிள்ளி எடுத்தாள். இன்னொன்று வந்தது. கட்டில் காலைப் பார்த்தால், சின்னச் சிவப்பு எறும்பு வரிசையாக ஏறிக்கொண்டிருந்தது.

நிறுவை முடிந்து ஆட்கள் லயத்துக்குத் திரும்பினார்கள். வாசலில் கூட்டம் சேர்ந்தது. பெண்கள் உள்ளே வந்து கட்டிப்பிடித்து அழப் பார்த்தார்கள். அங்கம்மா யாரையும் தலைப்பக்கம் விடவில்லை. முந்தானையால் தம்பியின் முடியை மூடிக்கொண்டு, அடியில் விரல்விட்டு எறும்பைத் தேடித் தேடி நசுக்கினாள். பைத்தியம் பிடித்துவிட்டது என்று ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னது கேட்டது. சொல்லட்டும்.

மழை தூறத் தொடங்கிய போது அருளாயி வந்தாள். பின்னால் சாமியார், முழங்கால்வரை சேறு. தமிழைப் புத்தகத்தில் படித்த வெள்ளைக்காரர். ரயில் ஒரு மணி நேரம் தாமதம் என்று யாரோ யாரிடமோ சொன்னார்கள். வாசலில் கூட்டத்தைப் பார்த்ததுமே அருளாயிக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் அவள் புருஷன் முகத்தைப் பார்க்கவில்லை. மதினியின் முகத்தைத்தான் பார்த்தாள்.

“ஊத்தினீங்களா?”

“ஊத்தினேன்.”

“வார்த்தை?”

“ஒரு எழுத்து விடல.”

அருளாயி அப்படியே மண் தரையில் உட்கார்ந்து அங்கம்மாவின் காலைக் கட்டிக்கொண்டாள். “கைக்குழந்தை மாதிரி போயிருக்காரு மதினி. ஒரு பாவம் இல்லாம போயிருக்காரு. எல்லாம் உங்களால.” இதற்குப் பதிலாக நாலு அறை அறைந்திருந்தால் அங்கம்மாவுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

சாமியார் அருகில் வந்து மெல்லக் கேட்டார். “என்ன தண்ணீர் ஊற்றினாய், அம்மா?”

கூடப்பிறந்தவனாக வந்தவர் பாவத்தைச் சுமக்கலாம் என்றால், உண்மையாகவே கூடப்பிறந்தவள் ஒரு பொய்யைச் சுமக்க முடியாதா? அந்தப் பாவம் என்னோடு போகட்டும் என்று முடிவு செய்தாள்.

“வெறும் தண்ணி சாமி. குழாய்த் தண்ணி.”

சாமியார் தலையசைத்தார். குனிந்து, முந்தானையை விலக்கி, லெட்சுமணனின் நெற்றியில் கட்டைவிரலால் சிலுவை போட்டார். விரல் ஒட்டியது. அதைப் பார்த்தார். பிறகு தலையணையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றவர், நிமிர்ந்து அருளாயியிடம் சொன்னார்.

“எல்லோரும் வெளியே போய் முழங்காலில் நின்று செபமாலை சொல்லுங்கள். இந்த அம்மாள் மட்டும் இருக்கட்டும்.”

கதவைச் சாத்திய பிறகு, “எறும்பு தண்ணீருக்கு வராது, அம்மா” என்றார்.

அங்கம்மா கைகூப்பினாள். வார்த்தை ஒன்றன்மேல் ஒன்று விழுந்தது. “இளநி சாமி. நல்லதா இருக்கட்டும்னுதான் ஊத்தினேன். தண்ணி அழுக்கா இருந்துச்சு. பொய் சொன்னது, கெடுத்தது எல்லாம் எம்மேல எழுதிக்குங்க. அவன் பேருல வேணாம். அவனுக்கு ஒண்ணும் தெரியாது. அருளாயிக்குச் சொல்லிராதீங்க.”

“சுமக்கிறவர் ஒருவர் இருக்கிறார். நீ சுமக்க வேண்டாம்.” சாமியார் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து ஓர் எறும்பைத் தட்டிவிட்டார். “இவன் ஆசையோடு பாடம் படித்தவன். ஆசைப்பட்டவனைக் கடவுள் தள்ளமாட்டார். எங்கள் கல்லறைத் தோட்டத்திலேயே அடக்கம் பண்ணலாம். பயப்படாதே.”

“அப்ப இளநி போதுமா சாமி?”

“போதாது.”

“ஆசை?”

“போதும்.”

சொல்லிக்கொண்டே அங்கியின் கையை முழங்கைக்கு மேல் சுருட்டினார். போதுமென்றால் எதற்குச் சுருட்டுகிறார் என்று அங்கம்மா கேட்கவில்லை.

“உயிர் பிரிந்து எவ்வளவு நேரம்?”

இன்னொரு பொய்க்கு இடமிருந்தது. அவள் சொல்லவில்லை. “பால் நிறுக்குற மணி அடிச்சுக் கொஞ்ச நேரத்துல.”

சாமியார் இடுப்புக் கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். மூடிவைத்தார். லெட்சுமணனின் கையைத் தூக்கி, அக்குளில் தன் விரல்களை நுழைத்துக் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். அவர் முகத்திலிருந்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியவில்லை.

“தண்ணீர் கொண்டு வா.”

பானையிலிருந்து தகரக் குவளையில் மொண்டு கொடுத்தாள். மஞ்சள் தண்ணீர். அவர் அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. நெற்றியில் மூன்று தரம் ஊற்றி, தெரியாத பாஷையில் வேகமாகச் சொன்னார். எறும்புகள் தண்ணீரோடு தலையணையிலிருந்து இறங்கித் தரைக்கு ஓடின. அவள் அன்று மனப்பாடம் செய்ததில் இல்லாத ஏதோ ஒன்றும் அவர் சொன்னதில் இருந்த மாதிரி அவளுக்குப் பட்டது.

“முதல்ல என்னமோ சேத்துச் சொன்னீங்களே சாமி.”

அவர் சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கினார். “‘நீ உயிரோடு இருந்தால்’ என்று சொன்னேன். உயிர் முழுவதும் எப்போது போகிறது என்று எங்களுக்குத் தெரியாது. எந்த டாக்டருக்கும் தெரியாது.”

குவளையை அவளிடம் கொடுத்துவிட்டு, அங்கியின் கையை இறக்கிக்கொண்டு வெளியே போனார். வாசலில் செபம் நின்றது. “எறும்பு இருந்தது, கழுவினேன்” என்று அவர் அருளாயியிடம் சொல்வது கேட்டது. செபம் மறுபடி தொடங்கியது.

அங்கம்மா குவளையைக் கீழே வைத்தாள். தம்பியின் கையை மெதுவாகத் தூக்கி, சாமியார் வைத்த இடத்திலேயே தன் கையை நுழைத்தாள். சூடு இருந்தது. அப்படியே வைத்திருந்தாள். இன்னும் இருந்தது. தன் கையின் சூடாகவும் இருக்கலாம் என்று கொஞ்சம் பொறுத்துத் தோன்றியது. கையை எடுத்து, ஆறவிட்டு, மறுபடி வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அவள் கையை எடுக்கவில்லை.