தனி உலை

ஏழைகளுக்கு அரசாங்கம் மாதாமாதம் கொடுக்கும் உதவிப் பணத்துக்கு ஊரில் பிச்சைச் சம்பளம் என்று பெயர். இரத்தினம்மா மட்டும் "என்ட சம்பளம்" என்பாள். சுனாமி புருசனைக் கொண்டுபோன பிறகு முகாம் வரிசைகளில் தட்டு நீட்டி நீட்டி அலுத்தவள் அவள். மாதம் ஒருமுறை கைநாட்டு வைத்து வாங்கும் அந்தச் சில நூறு ரூபாயில்தான் வெற்றிலை, கண்ணுக்கு விடும் மருந்து, சித்தாண்டிக் கோயில் திருவிழாவுக்குப் பஸ் காசு எல்லாம். யாரிடமும் கேட்டு நிற்கத் தேவையில்லை.

சண்டை முடிந்த மறு வருசம் புதுச் சட்டம் வந்தது. அரசாங்கச் சம்பளக்காரர் இருக்கிற குடும்பத்துக்கு உதவி இல்லையாம். உலை வேறென்றால் மட்டும் குடும்பமும் வேறாம். வாகரைப் பக்கத்து வழக்கம் சட்டம் போட்டவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது! சுனாமிக்குப் பின் கிடைத்த கல்வீட்டை மகள் கலாஜினிக்குச் சீதனமாக எழுதிவிட்டு, அதே வளவில் ஓலைக் குடிசையில் இருக்கிறாள் இரத்தினம்மா. வீட்டோடு வந்த மருமகன் விஜிதரனுக்குப் போன மாதம்தான் பிரதேச சபையில் வேலை நிரந்தரமானது. சாப்பாடு எல்லாருக்கும் கலாஜினியின் அடுப்பில்தான்.

ஆகவே தனி உலை இருக்கிறதா என்று உதவிப் பண உத்தியோகத்தர் சுபாகரன் பார்க்க வருகிற நாளில், இரத்தினம்மா குடிசைக்குள் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினாள். பானையும் ஏற்றினாள். அரிசி போடத்தான் மனம் வரவில்லை. அங்கே ஒரு உலை கொதிக்க, இங்கேயும் போட்டு வீணாக்குவதா? முகாமில் கஞ்சிக்கு நின்றவளால் அது முடியுமா?

சுபாகரன் வந்து மூடியைத் திறந்தான். வெறும் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அவன் முகம் மாறிவிட்டது.

"அரிசி இல்லையாம்மா?" பதிலுக்குக் காத்திராமல் முற்றத்தில் நின்ற விஜிதரனிடம் திரும்பினான். "அரசாங்கச் சம்பளம் எடுக்கிறீங்க. மாமி வெறுந்தண்ணியக் காய்ச்சுறா. வெக்கமா இல்லையா உங்களுக்கு?"

உண்மையைச் சொன்னால் மாமியின் சம்பளம் போய்விடும் என்று, பாவம் விஜிதரன், தலை குனிந்து நின்றான்.

இனிச் சம்பளம் உறுதி. இரத்தினம்மா பேசாமல் இருந்தால் போதும். ஆனால் அவளுக்கு நெஞ்சு பொறுக்கவில்லை.

"தம்பி, அவர ஏசாதீங்க. நான் மகள்ட உலையிலதான் தின்னுறன். மீன்ட நடுத்துண்ட எனக்கெண்டு எடுத்து வைக்கச் சொல்லுற மனிசன் அவர். இந்த அடுப்பு உங்களுக்குக் காட்டத்தான் மூட்டினது."

சுபாகரன் மூடியைத் திரும்பப் பானையில் வைத்தான். "நீங்க இனித் தனியச் சமைச்சுத் தின்னுறதெண்டா நான் சம்பளத்த வெட்ட மாட்டன், அம்மா. ஆனா மாசா மாசம் வந்து பாப்பன்."

"பெத்த புள்ளைக்குப் பக்கத்தில இரிந்து தனியத் தின்னவா? வெட்டுங்க தம்பி."

அவன் போனதும் பானைத் தண்ணீரை அடுப்பிலேயே ஊற்றி அணைத்தாள்.

மத்தியானம் கலாஜினி சோறு போட்டாள். விஜிதரன் சொல்லி வைத்தபடி நடுத்துண்டு தாயின் தட்டுக்கு வந்தது. கலியாண நாள் முதல் வருகிற அதே துண்டுதான். ஆனால் இனி வெற்றிலைக்கும் இவர்களிடம்தான் கை நீட்ட வேண்டும்; இன்றைக்கு அதைத் தொட இரத்தினம்மாவுக்குக் கை கூசியது.