சுண்ணாம்புக் குன்றின் இறக்கம்

ராசமலரைச் சைக்கிளில் ஏற்றிவிட்டவள் கிரிஜாதான்.

இருவரும் நோர்வேயில், ஒஸ்லோ நகரத்துப் புருசெத்தில் ஒரே கட்டடத்தில் இருந்தார்கள். ராசமலர் யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்தவள். முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை. கிரிஜா சென்னைக்காரி. ஆராய்ச்சி நிறுவனமொன்றில் வேலை கிடைத்து, கணவன் ரங்கராஜனோடு வந்திருந்தாள். அவளை ராசமலர் முதன்முதலில் பார்த்தது தமிழ்க் கடையில். நவம்பர்க் குளிரில் மெல்லிய கோட்டொன்றைப் போட்டுக்கொண்டு பற்கள் தந்தியடிக்க நின்று கறிவேப்பிலை கேட்டுக்கொண்டிருந்தாள். பார்க்கப் பாவமாக இருந்தது. வீட்டுக்குக் கூட்டிப்போய்த் தேநீர் கொடுத்து, கம்பளி உள்ளாடை எங்கே வாங்குவது, வைத்தியரிடம் எப்படி நேரம் எடுப்பது என்றெல்லாம் சொல்லிக் கொடுத்து அனுப்பினாள் ராசமலர்.

அன்று தொடங்கிய பழக்கம். கிரிஜா அவளை "மலர் அக்கா" என்றாள். யாழ்ப்பாணத்தில் நெருங்கிய சின்னவர்களைச் சொல்வதுபோல ராசமலர் அவளை "நீர்" என்று கூப்பிட்டபோது, முதலில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அதுவே பிடித்துப்போயிற்று.

கிரிஜாவுக்கு ஒரு குறை இருந்தது. வேலையிடத்தில் மதியச் சாப்பாட்டு மேசையில் நோர்வேக்காரர் எல்லோரும் வார இறுதிக் கதைதான் கதைப்பார்கள். எந்தக் காட்டில் நடந்தோம், சரளை போட்ட எந்தக் கிறவல் ரோட்டில் சைக்கிள் விட்டோம். இரண்டு வருடமாக அவள் அந்த மேசையில் புன்னகைத்துக்கொண்டு மட்டும் இருந்தாள். 2007 வசந்தத்தில் ஒரு சைக்கிள் வாங்கினாள். தனியே போகப் பயம். ராசமலருக்கும் சர்க்கரை எட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்ததால், உடம்பை அசைக்கச் சொல்லி வைத்தியர் நச்சரித்துக்கொண்டிருந்தார். அவளும் பழைய சைக்கிள் ஒன்றை வாங்கினாள்.

அந்தக் கோடையைப் போல ஒரு கோடை அவளுக்கு வாய்த்ததில்லை. மாரிடாலன் ஏரியைச் சுற்றியும் நிட்டெடால் ஆற்றங்கரை வழியாகவும் ஞாயிறு தோறும் போனார்கள். தார் முடிந்து கல்லும் மண்ணுமான பாதை தொடங்கும் இடத்தில் சக்கரத்தின் சத்தம் மாறும். அப்போது ராசமலருக்குத் தன்பாட்டில் சிரிப்பு வரும். சமையலறையின் ஆவியும் பெரிய சட்டிகளும் எங்கோ போய்விடும்.

அவளது கணவன் இரத்தினவேல் பேருந்து ஓட்டுபவன். அவனுக்கு இது பிடிக்கவில்லை. சைக்கிளை விட அந்தச் சிநேகிதம்தான் அவனை உறுத்தியது. இந்திய ஆட்கள் தங்களுக்குத் தேவை இருக்குமட்டும்தான் அக்கா என்பார்கள், பிறகு தெரியாத மாதிரிப் போவார்கள் என்று சொன்னான். ராசமலர் அவனோடு வாய்க்கு வாய் நின்று சண்டை பிடித்தாள். நீங்கள் எந்த இந்தியாக்காரரோடு பழகினீர்கள் என்று கேட்டாள்.

ஓகஸ்ட் கடைசியில் கிரிஜாவின் வேலையிட ஆட்கள் வடக்கே ஹாதலாந்துக்குச் சைக்கிள் விடப் போவதாக இருந்தது. ஒஸ்லோவிலிருந்து சைக்கிளோடு ரயிலேறி கிரான் நிலையத்தில் இறங்கி, சுண்ணாம்புக் குன்றுகளுக்கு மேலால் ஏறி, மறுபுறம் வீகா ஆற்றுப் பள்ளத்தாக்கில் இறங்கி வருவது திட்டம். கிரிஜாவையும் கேட்டிருந்தார்கள். அவள் ராசமலரை விடவில்லை. நீங்க இல்லாம நான் போகமாட்டேன் அக்கா என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

ரயிலில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆர்னே என்ற நெடுவல் மனிதன்தான் குழுவை நடத்திப் போனவன். அவன் ராசமலரின் பலகாரப் பெட்டியிலிருந்து வடையை எடுத்து ருசித்துச் சாப்பிட்டான். வழியில் மழை வரும்போல இருந்தது. கிரிஜாவின் சைக்கிளில் நனையாத பையொன்று இருந்ததால், ராசமலர் தன் போனை அதற்குள் போடக் கொடுத்தாள்.

ஏற்றத்தில்தான் ஆட்களின் வேகம் தெரிந்தது. அவர்களுக்கு அது விளையாட்டு. கிரிஜா பல்லைக் கடித்துக்கொண்டு அவர்களோடு ஒட்டிக்கொண்டாள். ராசமலர் பின்தங்கினாள். முகட்டில் பாதை வெள்ளை வெளேரென்று கிடந்தது. இருபுறமும் கோதுமை, கீழே ஆறு. அங்கே அவளுடைய சங்கிலி கழன்றது. இறங்கி நின்று கூப்பிட்டாள். முன்னுக்குப் போன கிரிஜா காலை ஊன்றித் திரும்பிப் பார்த்தாள். ராசமலர் கையை உயர்த்திச் சங்கிலியைக் காட்டினாள். கிரிஜா ஒரு கணம் அப்படியே நின்றாள். பிறகு முன்னால் போகிறவர்களைப் பார்த்தாள். மிதித்துக்கொண்டு போய்விட்டாள்.

அவர்களிடம் சொல்லி நிறுத்தத்தான் போகிறாள் என்று ராசமலர் நினைத்தாள். சங்கிலியைப் போட்டுக் கை கறுத்துப்போய் நிமிர்ந்தபோது ஒருவரும் இல்லை. அவர்களைக் காக்க வைக்கக்கூடாதென்ற அவசரத்தில், பழக்கமில்லாத இறக்கத்தில் வேகமாக விட்டாள். வளைவில் சரளை வழுக்கியது. வாய்க்காலுக்குள் தோள்பட்டை அடிபட விழுந்தாள். உள்ளே எலும்பு முறிந்தது அவளுக்கே கேட்டது.

எழும்ப முடியவில்லை. மழையும் பிடித்துக்கொண்டது. முதலில் கிரிஜாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்; பிறகு தெரிந்த நோர்வே மொழியில் உதவி கேட்டுக் கத்தினாள்; கடைசியில் குரலை விட்டுவிட்டாள். வெகுநேரத்துக்குப் பிறகு உழவு இயந்திரத்தில் வந்த ஒரு விவசாயப் பெண்தான் கண்டு, தூக்கி, அவசர வைத்தியரிடம் கொண்டுபோனாள். அந்தப் பெண்ணின் போனில்தான் ராசமலர் கணவனைக் கூப்பிட்டாள்.

இரத்தினவேல் ஓடிவந்தான். மற்றவர்கள் எங்கே என்று கேட்டான்.

"நான்தான் அவையளைப் போகச் சொன்னனான்" என்றாள் ராசமலர். "ஆறுதலா வாறன் எண்டு."

ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே அப்போது தெரியவில்லை. அவன் முகத்தில் 'நான் சொன்னேனே' என்பது வருவதைப் பார்க்கும் தெம்பு இருக்கவில்லை.

விழுந்த செய்தியைக் கிரிஜா வழியாகக் கேள்விப்பட்டு, மறுநாள் ஆர்னே வீட்டுத் தொலைபேசிக்கு எடுத்தான். மிகவும் வருந்தினான். நீங்கள் களைத்துப்போய் நிலையத்துக்குத் திரும்பிவிட்டீர்கள் என்று கிரிஜா சொன்னாள், அதனால்தான் காத்திருக்கவில்லை, இல்லாவிட்டால் நாங்கள் ஒருவரையும் விட்டுவிட்டுப் போகிறவர்கள் இல்லை என்றான். பரவாயில்லை என்று சொல்லி ராசமலர் தொலைபேசியை வைத்தாள்.

இரண்டு நாள் கழித்துக் கிரிஜா வந்தாள். ரசம், பருப்பு, பீன்ஸ் பொரியல் என்று அடுக்குப் பாத்திரம் நிறையக் கொண்டுவந்தாள். போனையும் மேசையில் வைத்தாள். கண்கள் வீங்கியிருந்தன. இரத்தினவேல் அவளுக்கு நாற்காலி இழுத்துப் போட்டான்.

"நீங்கள் ஒண்டும் யோசியாதேங்கோ தங்கச்சி. இவ தானே உங்களைப் போகச் சொன்னவ. எல்லாம் சொன்னவ எனக்கு."

கிரிஜா சட்டென்று ராசமலரைப் பார்த்தாள். ராசமலரும் பார்த்தாள். இப்போது ஒரு சொல் வரும் என்று காத்திருந்தாள். ஒரேயொரு சொல் போதும். அதன்பிறகு எல்லாவற்றையும் தானே பொறுத்துக்கொள்ளத் தயாராக இருந்தாள்.

"ஆமா அண்ணா" என்றாள் கிரிஜா. "அக்காதான் போகச் சொன்னாங்க. நான் இருக்கேன்னுதான் சொன்னேன், அவங்க கேக்கல."

சொல்லும்போது அவளுடைய தோள்கள் தளர்ந்ததை ராசமலர் கண்டாள். பாரம் இறங்கிய தளர்ச்சி அது.

இரத்தினவேல் தேநீர் போடக் குசினிக்குப் போனான். ராசமலர் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"நீங்கள் திரும்பிப் பாத்தனீங்கள். என்ரை போன் உங்கடை பையுக்குள்ளை எண்டும் தெரியும்."

அவள் வாயிலிருந்து 'நீர்' போய் 'நீங்கள்' என்று வந்தது கிரிஜாவுக்கு உறைத்தது. முகம் கறுத்தது.

"அவங்க எல்லாம் முன்னாடி போயிட்டாங்க அக்கா. நான் நின்னிருந்தா அடுத்த தடவை என்னைக் கூப்பிடவே மாட்டாங்க. விழுவீங்கன்னு நான் நினைக்கல."

"சரி. தேத்தண்ணியைக் குடிச்சிட்டுப் போங்கோ."

கிரிஜா குடித்துவிட்டுத்தான் போனாள். அடுத்தடுத்த வாரங்களிலும் சாப்பாடு கொண்டுவந்து கதவடியில் கொடுத்தாள். இரத்தினவேல் அவளை வாயாரப் புகழ்ந்தான். இந்திய ஆட்களைப் பற்றித் தான் நினைத்தது பிழை என்று மனைவியிடமே ஒத்துக்கொண்டான். அவன் சாப்பிட்ட அந்தச் சோற்றில் ராசமலர் ஒரு வாய்கூட வைக்கவில்லை. மருந்தால் வயிறு சரியில்லை என்றாள்.

எலும்பு கோணலாகத்தான் பொருந்தியது. பெரிய சட்டி தூக்க முடியாததால் சமையலறையில் மரக்கறி வெட்டும் மேசைக்கு மாற்றினார்கள். கிரிஜா செப்டெம்பரிலும் அந்தக் குழுவோடு போனாள். ஆர்னே அவளுக்கு இறக்கத்தில் பிரேக் பிடிக்கக் கற்றுக்கொடுத்தானாம். அடுத்த வருடம் அவளும் ரங்கராஜனும் ஒஸ்லோவுக்கு வெளியே வீடு வாங்கிக்கொண்டு போனார்கள்.

பிறகொருநாள் ஒரு கலியாண வீட்டில், இரத்தினவேலின் சிநேகிதன் ஸ்ரீஸ்கந்தராசாவின் மனைவி தேவிகா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தோள் முறிந்து கிடந்தபோது ஓர் இந்தியப் பிள்ளை கூடப்பிறந்தவள் போலப் பார்த்துக்கொண்டாளாமே, இரத்தினவேல் அண்ணை சொல்லிச் சொல்லி மாய்ந்தார் என்றாள். அப்படி ஒரு சிநேகிதி கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டுமாம்.

நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஓம்" என்றாள் ராசமலர். "நல்ல பிள்ளை."