முப்பத்தொரு புகார்கள்

சட்டை தைக்கும் அந்தத் தொழிற்சாலையில் நல அலுவலர் என்றொரு வேலை திடீரென்று முளைத்தது. தொழிலாளிகளின் குறை கேட்க ஆள் இருந்தே ஆக வேண்டும் என்று சட்டை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி சொல்லிவிட்டது. சமூகப்பணி படித்து, மருத்துவமனையில் ஆறு வருஷம் வேலை பார்த்திருந்த அவளைச் சேர்த்துக்கொண்டார்கள். மேலாளர் அறைக்கு நேர் எதிரே ஒரு கண்ணாடி அறை கொடுத்தார்கள். உள்ளே யார் வந்தாலும் அவருக்குத் தெரியும்.

முதல் மாதம் ஈ காக்கா கூட எட்டிப் பார்க்கவில்லை. மேலாளருக்கு வாயெல்லாம் பல். புகார் பூஜ்யம் என்று அறிக்கையை அவரே எழுதி, அவளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

சும்மா உட்கார்ந்திருப்பது அவளுக்கு உறுத்தியது. இரண்டாம் மாதம் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு, பெண்கள் சாப்பிடும் இடத்துக்கே போனாள். ஒரு வாரம் ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. எட்டாம் நாள், காலர் தைக்கும் அக்கா தன் பாட்டிலை அவள் பக்கம் தள்ளினாள்.

"நீங்க குடிங்க மேடம். நாங்க வேலை நேரத்துல தண்ணி குடிக்கிறதில்ல."

ஏன் என்று கேட்டாள். கழிப்பறைக்குப் போவதென்றால் கழுத்தில் ஓர் அட்டை மாட்ட வேண்டுமாம். நாற்பது பேருக்கு ஒரே அட்டை. அது கைக்கு வருவதற்குள் பாதி நாள் ஓடிவிடும். நீர்க்கடுப்பு வந்து லீவு போட்ட மூன்று பேருக்குச் சோம்பேறிப் பட்டம்தான் மிச்சம்.

அதன்பிறகு மடை திறந்த மாதிரி பேசினார்கள். மாதக் கடைசியில் எண்ணினால் முப்பத்தொரு புகார்கள். மேலாளர் முகம் கறுத்துவிட்டது.

"நீங்க வர்றதுக்கு முன்னாடி இங்க ஒரு பிரச்சனையும் இல்லம்மா," என்றார். கோபம்கூட இல்லை, வீட்டுக்குள் பாம்பை விட்டவளிடம் பேசுவதுபோல வருத்தம்தான் இருந்தது. வேலை போய்விடும் என்று அவள் மனசைத் தயார் செய்துகொண்டாள்.

மறுவாரம் வெளிநாட்டுக் கம்பெனியின் ஆய்வாளர் வந்தார். எண்ணூறு பேர் இருக்கும் இடத்தில் பூஜ்யமா, யார் வாயை அடைத்தீர்கள் என்று முதல் அறிக்கையைப் பார்த்துக் கேட்டார். இரண்டாவதைப் படித்ததும் மேலாளரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். எல்லாம் தன் ஏற்பாடுதான் என்று மேலாளர் கூசாமல் சொல்லிக்கொண்டார்.

ஆய்வாளரின் கார் கிளம்பியதும் மேலாளர் நேராக அவள் அறைக்கு வந்தார்.

"அடுத்த மாசம் ஒரு நாப்பதா ஆக்கிடலாமாம்மா?"

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "பேசினா பலன் இருக்குன்னு தெரிஞ்சாத்தான் சார் வருவாங்க. முதல்ல அந்த அட்டைய எடுத்துடுங்க."

மறுநாள் காலை பத்து மணிக்குள் அட்டைகள் எல்லாம் குப்பைக்குப் போயின. கண்ணாடிக்குத் திரை கேட்டாள், அதுவும் வந்தது.

மதியம் காலர் அக்கா முதல் தடவையாக அந்த அறைக்குள் வந்து, கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தாள். அவள் நோட்டை எடுத்தாள்.

"எழுதாதீங்க மேடம். இது புகார் இல்ல. வீட்டு விஷயம்."

அவள் பேனாவை மூடி வைத்துவிட்டு, நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டாள். சாப்பாட்டு நேரம் முடிந்து மணி அடித்தது. இருவரும் எழுந்திருக்கவில்லை.