வடிக்காமல் விட்ட தண்ணீர்

ரய்ஸா நிலவறையில் குனிந்து வால்வை இறுக்கிக்கொண்டிருந்தாள். தலையில் கட்டியிருந்த கறுப்புத் துணி நழுவி நழுவிக் கண்ணை மறைத்தது. மேலே, நான்காவது மாடியில், அவளுடைய அப்பா யெகோர் சவப்பெட்டிக்குள் படுத்திருந்தார். மறுநாள் அடக்கம். கடைசியாக ஓர் இரவு அவர் வீட்டில் இருந்துவிட்டுத்தான் போக வேண்டும் என்பது அம்மா ஜோயாவின் பிடிவாதம்.

உடம்பு கிடக்கும் அறை குளிர்ந்திருக்க வேண்டும். அதற்காக, ஒன்றன்மேல் ஒன்றாக இருந்த அந்த வரிசை வீடுகளைச் சூடேற்றக் குழாயில் ஓடும் வெந்நீரை ஓர் இரவு அடைக்கப்போவதாக அவள் சொன்னபோது, கீழ்வீட்டுக்காரர்கள் சிலுவை போட்டுக்கொண்டு சரி என்றார்கள். ஒருவர் மட்டும், “சன்னலைத் திறந்து வெச்சா போதாதா?” என்றார்.

“வெளியில மைனஸ் முப்பத்தஞ்சு. அம்மா விடிய விடியப் பக்கத்துல உட்காரப் போறா. அவளுக்கும் சேர்த்துப் பெட்டி சொல்லிடவா?” என்றாள் ரய்ஸா. ஐந்தாவது மாடி வாதிமிடம் மட்டும் அவள் போகவேயில்லை.

ரய்ஸா நகரத்துக் கொதிகலன் கூடத்தில் வேலை பார்க்கிறவள். கடுங்குளிரில் குழாயை அடைத்தால் உள்ளே நிற்கும் தண்ணீரை வடித்துவிட வேண்டும். அந்த வேலையில் முதல் நாள் சொல்லிக்கொடுப்பதே அதுதான். வீட்டுக்குள் ஓடும் குழாய் ஓர் இரவு தாங்கும். வெளியே ஓடும் குழாயில் தண்ணீர் உறைந்து இரும்பைப் பிளந்துவிடும்.

வாதிம் வீட்டுக் குழாய் வெளியேதான் ஓடியது. வெந்நீர் சமையலறைப் பக்கமாக மேலே ஏறி, கடைசி மாடியான அவன் வீட்டில் திரும்பி, படுக்கையறைகள் வழியாகக் கீழே இறங்கும். அந்த மகராசன் பால்கனிக்குக் கண்ணாடி போட்டு, திருப்பத்தில் இருந்த, வெந்நீர் ஓடி அறையைச் சூடேற்றும் ரேடியேட்டரைப் பிடுங்கி அங்கே மாட்டி, எலுமிச்சைச் செடி வளர்த்தான். சட்டப்படி குற்றம். ஆய்வாளர் வந்த அன்று அதன்மேல் திரைச்சீலை தொங்கியது. தெருவைச் சூடேற்றியது போக மிஞ்சிய தண்ணீர்தான் அப்பாவின் அறைக்கு வந்தது. சுரங்கத் தூசி அரித்த நுரையீரலோடு அவர் ரோமத் தொப்பி போட்டுக்கொண்டு தூங்கினார். இருமிக்கொண்டே மாடியேறிப் போய்க் கேட்டதற்கு வாதிம் சொன்ன பதில் கட்டடத்துக்கே தெரியும்: “இன்னொரு போர்வையைப் போத்திக்கோங்க மாமா.”

நெஞ்சில் சளி கட்டி அவர் போய்ச் சேர்ந்தபோது டாக்டர் வயது என்றார். ரய்ஸா அப்படிச் சொல்லவில்லை. அவள் வடிகால் திருகின்மேல் கை வைத்தாள். பிறகு அதைத் திறக்காமலே கையை எடுத்துக் கோட்டில் துடைத்துக்கொண்டு, விளக்கை அணைத்துவிட்டு மேலே போனாள்.

சாயங்காலம் வாதிமே இறங்கி வந்தான். சவப்பெட்டிக்கு முன்னால் கொஞ்ச நேரம் தலை குனிந்து நின்றான். பிறகு மெல்ல ஆரம்பித்தான்.

“ஜோயா அத்தை, மேல குழாயெல்லாம் சில்லுன்னு கெடக்கு.”

“அடைச்சிருக்கு,” என்றாள் ரய்ஸா. “வீட்டுல பொணம் கெடக்கு, பார்த்தீங்கல்ல?”

“இல்ல... கொஞ்சமா திறந்து விட்டா கூடப் போதும்.”

“ஏன், உங்க வீட்டுல போர்வை இல்லையா?”

அவன் முகம் சிவந்தது. பால்கனி என்ற சொல்லை அவனால் வாயெடுத்துச் சொல்ல முடியவில்லை. சொன்னால் பத்துப் பேர் முன்னால் குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி. “என் எலுமிச்சைக்குக் குளிர் ஆகாது,” என்றான் கடைசியில்.

“எங்க அப்பாவுக்குக்கூடத்தான் ஆகல.”

“ரய்ஸா!” என்று அம்மா அதட்டினாள். வாதிமைப் பார்த்து, “அவ பேச்சை மனசுல வெச்சுக்காத தம்பி. அவருக்கு இது கடைசி ராத்திரி. நாளைக்கு அடக்கம் முடிஞ்ச கையோட திறந்துடுவா. நீயும் வந்து பெட்டிக்கு ஒரு கை பிடி, என்ன?” என்றாள்.

ராத்திரி அவன் கரண்ட் ஹீட்டர் வைத்துப் பார்த்திருப்பான். ஆனால் எல்லா மாடியிலும் ஹீட்டர் ஓடியதில் அந்த வரிசைக்கே ஃபியூஸ் போயிற்று. அம்மாவின் சாந்தத்தைப் பார்த்து ரய்ஸாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இப்படி எல்லோருக்கும் தலையாட்டித்தான் அப்பாவைப் பறிகொடுத்தோம் என்று நினைத்தாள்.

ரத்த சொந்தங்கள் பெட்டியைத் தூக்கக் கூடாது. காலையில் அண்டை அயலார் தூக்கினார்கள். வாதிம் தலைமாட்டுப் பக்கம் பிடித்தான். படிக்கட்டு குறுகல், ஒவ்வொரு திருப்பத்திலும் மொத்தக் கனமும் அவன் தோளில் இறங்கியது. “மெதுவாப்பா, மெதுவா. மாமாவ எங்கயும் இடிச்சுடாதீங்க,” என்று சொல்லிக்கொண்டே வந்தான். இடுகாட்டில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, காதெல்லாம் வெளுத்துப்போகும்வரை நின்றான். கல்லாய் இறுகிக் கிடந்த மண்ணை நகத்தால் பெயர்த்து எடுத்துப் போட்டான்.

ரய்ஸாவுக்கு அவன்மேல் புதிதாக ஓர் ஆத்திரம் வந்தது. படுபாவி, கடைசிவரைக்கும் கெட்டவனாகவே இருந்து தொலைக்கக் கூடாதா!

இடுகாட்டிலிருந்து பஸ் திரும்பி வந்ததும் மற்றவர்கள் மாடியேறினார்கள். அவள் நிலவறைக்குப் போனாள். வால்வின் எதிரே தலைகீழாய்க் கிடந்த ஒரு பெட்டிமேல் உட்கார்ந்தாள். மேலே ரேடியேட்டர் இந்நேரம் பிளந்திருக்கும். வால்வைத் திறந்தால் பனிக்கட்டி உருகி, கறுத்த வெந்நீர் அவன் வீட்டுத் தரையெல்லாம் பாயும். அங்கிருந்து இவர்கள் வீட்டுக்கும் ஒழுகும். அது நேற்றே தெரியும், போனால் போகட்டும் என்றுதான் இருந்தாள். ஆனால் திருப்பங்களில் அந்தத் தோள் இறங்கி ஏறியது கண்முன்னால் நின்றது.

இப்போதும் ஒன்றும் கெட்டுவிடவில்லை. வாதிமைக் கூப்பிட்டு, பால்கனியைப் பார் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தண்ணீரை வடித்தால் போதும். அவள் எழுந்து, வால்வைத் தொடாமலே படியேறினாள்.

நான்காவது மாடியில் எதிர்வீட்டு கிளாஃபிரா வாசலிலேயே நின்றிருந்தாள். அவள் வீட்டுக்கு வேறு குழாய் வரிசை. உள்ளேயிருந்து அப்பம் சுடும் நெய் வாசம் வந்தது.

“எங்கடி போயிட்ட? எல்லாரும் உட்கார்ந்தாச்சு.”

“பந்தி எங்க வீட்டுலதானே?”

“உங்கம்மாதான் காலையிலயே இங்க மாத்தச் சொன்னா. பெட்டி போனதும் தரை கழுவுறப்ப கம்பளத்தையெல்லாம் சுருட்டி வைக்கச் சொன்னா. படத்தையெல்லாம்கூடக் கழற்றி எடுத்துட்டு வரச் சொன்னா. எதுக்குன்னு கேட்டா அண்டாவைத் தேடப் போயிட்டா.”

ரய்ஸா தங்கள் வீட்டுக் கதவைத் தள்ளினாள். கழுவின தரை இன்னும் ஈரமாக இருந்தது. சவப்பெட்டி வைத்திருந்த முக்காலிகள் வழக்கப்படி கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. கட்டில்மேலும் அலமாரிமேலும் பிளாஸ்டிக் விரிப்பு. அம்மா கோட்டைக் கழற்றாமல், துணி துவைக்கிற பெரிய தொட்டியைப் படுக்கையறைக்கு இழுத்துக்கொண்டிருந்தாள். சுவரோரமாக அண்டாக்களும் சட்டிகளும் வரிசையாக வைத்தாயிற்று.

“பந்திக்குப் போகாம எங்க கெளம்புன?”

“மேல. வாதிம்கிட்ட ஒரு...”

“அவன் மேல இல்ல. கிளாஃபிரா வீட்டுல, என் நாற்காலிக்குப் பக்கத்துல உட்கார வெச்சிருக்கேன். மூணு கிளாஸ் வோட்கா குடிக்காம எழுந்திருக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன்.” அம்மா நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். “திறந்துட்டியா?”

“இன்னும் இல்லம்மா.”

அம்மா அவளைப் பார்த்தாள். அழுது வீங்கிய கண்கள்தான். ஆனால் அந்தப் பார்வையை ரய்ஸா இதற்கு முன் பார்த்ததில்லை.

“அப்பம் ஆறிடும். போய்த் திறந்துட்டு வா.”

ரய்ஸா வாசலுக்கு வந்தாள். எதிர்வீட்டில் வாதிம் யாருக்கோ அப்பாவைப் பற்றி ஏதோ நல்லதாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அவள் திரும்பிப் படியிறங்கத் தொடங்கினாள். பின்னால், திறந்த கதவுக்குள்ளே, அம்மா மேல்தளத்தை அண்ணாந்து பார்த்து, தொட்டியைக் காலால் ஒரு சாண் தள்ளி வைத்தாள்.